இலேசான ரிவால்வர், பலமான தோட்டா: ஒரு தேர்வு திருத்தப்பட்ட விதம்

பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியை வாங்கி முடித்த பிறகே வருகிறார்கள். இந்த ஆய்வுக்கு உரியவரும் அப்படித்தான் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஒரு மருந்தகத்தின் பொறுப்பாளர். இரவில் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டிவிட்டு, வண்டி நிறுத்துமிடம் வரை தனியே நடக்க வேண்டிய வேலை. மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை முறையாகப் பெற்றிருந்தார். பணியிடத்தில் வைத்திருக்க உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமும் கையில் இருந்தது. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் தொடங்கியிருந்தது. விற்றவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த மூட்டுதான் காரணம்.

அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். முதலில் வாங்கிய ரிவால்வரின் தயாரிப்பாளர் பெயரையும் சொல்லப் போவதில்லை. அந்த எடையில் அந்தத் தோட்டாவைச் சுடும் எந்த ரிவால்வரும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும்.

கொண்டுவந்தது .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரிவால்வர்; ஐந்து தோட்டா கொள்ளும். மிக இலேசான உலோகக் கலவையில் செய்தது; வெறும் துப்பாக்கியின் எடை 400 கிராமுக்கும் குறைவு. குழல் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. இருப்பதிலேயே இலேசானது என்றும் இருப்பதிலேயே பலமானது என்றும் சொல்லி விற்றிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒரே பொருளில் கேட்டதுதான் வினை.

உதைப்பின் கணக்கு

ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் சுட்டால், பின்னோக்கி வரும் உந்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் துப்பாக்கியின் எடை பாதியானால் கையில் வந்து இறங்கும் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. பள்ளிக்கூட இயற்பியல்தான், ஆனால் விற்பனை மேசையில் இதை யாரும் நினைப்பதில்லை. அங்கே துப்பாக்கியைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள், சுட்டுப் பார்ப்பதில்லை. தூக்கிப் பார்க்கும்போது இலேசானதுதான் எப்போதும் வெல்லும்.

தோட்டாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். .357 மேக்னத்தின் முன்னோடியான .38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது. கரும்பொடி என்ற பழைய வெடிமருந்தின் காலத்துத் தோட்டா; அதனால்தான் இன்றைய வெடிமருந்துக்குத் தேவைப்படுவதைவிட அதன் கூடு, அதாவது மருந்தை அடைத்து வாயில் குண்டைச் செருகும் உலோகக் குழாய், நீளமானது. 1935-இல் வந்த .357 மேக்னத்துக்கும் அதே விட்டம்தான். கூட்டை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டினார்கள், பழைய .38 துப்பாக்கிகளில் அது தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. அழுத்த வரம்பைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: சாதாரண .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்ட்; பிளஸ் பி எனப்படும் கூடுதல் அழுத்த வகைக்கு 20,000; .357-க்கு 35,000. இந்த 35,000 பவுண்டை நீளமான குழல் குண்டின் வேகமாக மாற்றித் தரும். இரண்டு அங்குலக் குழலில் மருந்தின் ஒரு பங்கு குழலுக்கு வெளியே வெறும் நெருப்பாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது. நான்கு அங்குலக் குழலில் வினாடிக்கு 1,400 அடி வேகத்தில் போகும் குண்டு இதில் இருநூறு, முந்நூறு அடியை இழக்கிறது. உதைப்பு மட்டும் குறைவதில்லை. விலையை முழுதாகக் கொடுத்துவிட்டுச் சரக்கைக் குறைத்து வாங்குகிற கதை.

களத்தில் கண்டது

முதல் சுற்றில் ஐந்தையும் சுட்டார். ஏழு கஜ தூரத்தில் இருந்த இலக்கில் முதல் குண்டு நன்றாகவே பட்டது. மற்றவை ஒன்றுக்கொன்று கீழே இறங்கிக்கொண்டே போயின. அடுத்த சுற்றில், அவருக்குத் தெரியாமல், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டரில் வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்தேன். அந்த அறை வந்தபோது விசையை இழுத்தார், வெடிக்கவில்லை, ஆனால் குழல்முனை ஒரு சாண் கீழே குத்தியது. உதைப்பை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே அழுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அவரே பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெடிக்காத துப்பாக்கிக்கே பயப்படுகிறேனா?" என்றார். பயமில்லை, மூட்டு தன்னைக் காத்துக்கொள்கிறது என்றேன்.

மூன்றாவது சுற்றில் நான்கு குண்டுகள் போனபின் விசை பாதி வழியில் கல்லாகிவிட்டது. சிலிண்டர் சுழலவும் இல்லை, வெளியே திறக்கவும் இல்லை. உள்ளே ஒரு தோட்டா வெடிக்காமல் இருக்கிறது. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, துப்பாக்கி பழுதுபார்ப்பவரை அழைத்துத்தான் திறக்க முடிந்தது.

நடந்தது இதுதான். துப்பாக்கி பின்னால் எகிறும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் கூடுகளையும் விளிம்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போகிறது. கூட்டின் வாயில் செருகியிருக்கும் குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் குண்டைக் கவ்வும் மடிப்பு போதிய இறுக்கமாக இல்லையென்றால், ஒவ்வொரு வெடிக்கும் குண்டு மயிரிழை மயிரிழையாக முன்னே நகரும். கடைசியில் அதன் மூக்கு சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு சட்டத்தில் இடித்து நிற்கும். கனமான எஃகு ரிவால்வரில் இதை அபூர்வமாகத்தான் பார்க்கலாம். மிக இலேசானவற்றில் எதிர்பார்க்கவே வேண்டும்.

ரிவால்வர் ஒருநாளும் மக்கர் செய்யாது என்று மேடை போட்டுச் சொல்கிறவர்களை இந்த மாதிரி ஒரு நாளில் பக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டும். தானியங்கிப் பிஸ்டல் சிக்கினால் பெரும்பாலும் இரண்டு விநாடியில் கையாலேயே சரிசெய்யலாம். ரிவால்வர் சிக்குவது குறைவு. சிக்கினால் கருவிப் பெட்டி வேண்டும்.

இதற்கான சோதனை எளிது. ஐந்தாவது தோட்டாவின் முழு நீளத்தை வெர்னியர் கருவியால் அளந்து குறித்துக்கொண்டு, மற்ற நான்கையும் சுட்ட பின் அதை எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. பெட்டியில் எந்தப் பெரிய பெயர் அச்சிட்டிருந்தாலும் சரி. தோட்டாவின் ரகமோ உற்பத்தித் தொகுதியோ மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

வேறு துப்பாக்கிகள்

.357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பதால், துப்பாக்கியை வைத்துக்கொண்டு தோட்டாவை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுட்டும் பார்த்தோம். குறைந்தது, ஆனால் போதவில்லை. அந்த எடையில் பிளஸ் பி வகையே மூட்டைப் பதம் பார்த்தது. அதை விற்றுவிட்டு, இரவலாகக் கிடைத்தவற்றைச் சுட்டுப் பார்க்கத் தொடங்கினோம்.

இந்த வகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1927-இல் கோல்ட் நிறுவனம் டிடெக்டிவ் ஸ்பெஷலை ஆறு தோட்டாவோடு கொண்டுவந்தது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு தோட்டாவைக் குறைத்து, சிலிண்டரை மெலிதாக்கி, சீஃப்ஸ் ஸ்பெஷலை வெளியிட்டது. 1952-இல், நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி, தோட்டாவை மோதி வெடிக்கவைக்கும் சுத்தியல் முழுவதும் உள்ளே மறைந்திருக்கும் சென்டென்னியல் வந்தது. இன்று மறைத்து எடுத்துச் செல்வோர் கையில் இருக்கும் 642, 442 போன்ற மாடல்கள் அதன் வாரிசுகள். வெளியே நீட்டிய சுத்தியல் துணியில் மாட்டும். அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்தால் விசை மிக இலேசாகிவிடும். பதற்றத்தில் தற்செயலாக வெடிப்பது அப்படித்தான். உள்ளே மறைந்த சுத்தியலில் இரண்டுக்கும் வழியில்லை. இவருக்குச் சுத்தியல் வெளியே தெரியாத வடிவம்தான் என்பதில் எங்களுக்குள் வாதமே எழவில்லை.

அந்த வசதிக்கு விலை விசையின் கனம். தொழிற்சாலையிலிருந்து வரும் இவ்வகை ரிவால்வர்களில் விசையை இழுக்க ஏறக்குறைய 12 பவுண்ட், அதாவது ஐந்தரை கிலோ தேவைப்படும். இழுக்கப்படும் பொருளின் எடையோ 420 கிராம். தன் எடையைப் போலப் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு இழுப்பை வாங்கிக்கொண்டு அந்தக் குழல்முனை ஆடாமல் நிற்க வேண்டும். சிறு ரிவால்வரைத் தொடக்கநிலையாளருக்கானது என்று சிபாரிசு செய்வது இதனால்தான் எனக்குப் பிடிக்காது. சிறு துப்பாக்கி தேர்ந்த கைக்குரியது. 2009-இல் வந்த ரூகர் எல்சிஆர் விசைப் பொறியின் உராய்வைக் குறைத்து இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. கீழ்ச்சட்டம் பாலிமர், விசை வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆள்காட்டி விரலில் வலி உள்ளவராக இருந்தால் நேரே அதைத்தான் கையில் கொடுத்திருப்பேன். இவருக்கு நோவு கட்டைவிரலில்.

ரூகர் எஸ்பி101 முழு எஃகு. எழுநூறு கிராமைத் தாண்டும். அதைச் சுட்டபோது அவர் முகமே மாறிவிட்டது. பிளஸ் பி தோட்டாகூட ஒரு தள்ளலாகத்தான் வந்தது. குண்டுகள் ஒரே கைப்பிடி அகலத்தில் விழுந்தன. இதுதான் உங்கள் துப்பாக்கி என்றேன். இரண்டு வாரம் வெறும் துப்பாக்கியை இடுப்பு உறையில் வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடிப் பாருங்கள் என்றும் சொன்னேன். பார்த்தார். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. மாலைக்குள் இடுப்பு இழுக்கிறது, கழற்றி வைத்துவிடத் தோன்றுகிறது என்றார். கழற்றி வைத்த பிறகு கையாளும் சுகத்தைப் பேசிப் பயனில்லை. பட்டியலிலிருந்து அதை நீக்கினோம்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று 642 வகை: அலுமினியச் சட்டம், .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா. மற்றொன்று அதே உருவில் .32 எச் அண்ட் ஆர் மேக்னம். 1984-இல் வந்த தோட்டா, மெலிதானது. அதனால் அதே சிலிண்டருக்குள் ஆறு அடங்கும். உதைப்பு தெளிவாகக் குறைவு. அதே துப்பாக்கியில் இன்னும் மென்மையான .32 லாங் தோட்டாவையும் பயிற்சிக்குச் சுடலாம். நான் .32 பக்கம்தான் நின்றேன். அவர் மறுத்தார்: பயிற்சிக்குத் தோட்டா நினைத்தபோது கிடைக்க வேண்டும்; .38 எங்கும் கிடைக்கிறது, .32-ஐத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. காரணம் வலுவானது. இருந்தாலும் அந்தக் கைக்கு அதுதான் பொருந்தியது என்ற என் எண்ணம் மாறவில்லை.

642 வகையையே வாங்கினார். உடன் வந்த கைப்பிடி சின்னது. சுண்டுவிரலுக்கு இடமில்லை, சட்டத்தின் பின்முதுகு வெறும் உலோகமாக உள்ளங்கையில் மோதும். அதைக் கழற்றிவிட்டு, பின்முதுகை மூடி மூன்று விரலுக்கும் இடம் தரும் ரப்பர் கைப்பிடியைப் பொருத்தினோம். பையில் வைப்பதாக இருந்தால் ரப்பர் துணியைப் பிடித்துக்கொள்ளும். மேலங்கிக்குள் இடுப்பு உறை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. உறை விசைக்காப்பு வளையத்தை முழுவதும் மூடும் கெட்டியான உறை. இந்த ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது.

தோட்டா

மறைத்து எடுத்துச் செல்லும் தோட்டாவைப் பற்றிய இன்றைய அளவுகோல்களெல்லாம் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு வந்தவை. வங்கிக் கொள்ளையர் இருவருடன் மோதியதில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். சண்டையின் தொடக்கத்திலேயே கொள்ளையர் ஒருவரின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது; அவர் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை செயலிழந்த நிலையில் அதிகாரி எட்மண்டோ மிரேலெஸ் சண்டையை முடித்தது .357 ரிவால்வரில் நிரப்பியிருந்த .38 ஸ்பெஷல் பிளஸ் பி தோட்டாக்களால். அதன் பிறகு எஃப்பிஐ, உடல் தசைக்கு மாற்றாகச் சோதனையில் வைக்கும் 10 சதவீத ஜெலட்டினில் குண்டு குறைந்தது 12 அங்குலமாவது போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது.

குட்டைக் குழலுக்கு இந்த வரையறை சோதனைதான். மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு விரிவதற்கு வேகம் வேண்டும். இரண்டு அங்குலக் குழல் அதைத் தருவதில்லை. தடித்த துணியைத் தாண்டும்போது குழி துணி நாரால் அடைபட்டு, விரியாமல் சாதாரண குண்டுபோலவே போய்விடுவதும் உண்டு. எடை குறைந்த குண்டு விரிந்தாலும், விரிந்த வேகத்தில் 12 அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடலாம். 135 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஸ்பீர் கோல்ட் டாட் ஷார்ட் பேரல் போன்றவை குட்டைக் குழலையே மனத்தில் வைத்து வடிவமைத்தவை; நல்ல தோட்டா. ஆனால் பிளஸ் பி.

இவர் கையில் அதையும், 158 கிரெய்ன் ஈயக் குண்டு பிளஸ் பி வகையையும், 110 கிரெய்ன் சாதாரண அழுத்த வகையையும், 148 கிரெய்ன் வாட்கட்டர் என்ற தட்டைமுகக் குண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டோம். 135 முதல் சுற்றில் அழகாக விழுந்தது. போகப் போகச் சிதறியது, பழைய குழல் குத்தல் திரும்பி வந்தது. 110-இன் உதைப்பு தாங்கக்கூடியது. ஆனால் குறிக்குக் கீழே பட்டது. இலேசான, வேகமான குண்டு குழல் மேலே எழுமுன்பே வெளியேறிவிடுகிறது. இந்த ரிவால்வர்களின் அசையாக் குறிமுனைகளோ கனமான குண்டை எண்ணி அமைத்தவை. வாட்கட்டர் குறி வைத்த இடத்தில் பட்டது. கடைசிச் சுற்றிலும் அங்கேயே பட்டது.

வாட்கட்டர் காகித இலக்குப் போட்டிகளுக்காகப் பிறந்தது. தட்டை முகம், கூட்டின் வாய்க்குள் முழுவதும் அமிழ்ந்த குண்டு. காகிதத்தில் துளைப்பான் போட்டதுபோல வட்டமாக வெட்டும். அது விரிவதை நம்பியிருக்கவில்லை. ஆகவே வேகம் குறைந்ததால் கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. மெதுவாகப் போனாலும் முழு விட்டத்தில் வெட்டிக்கொண்டு ஆழமாகவே போகிறது. ஹாலோ பாயிண்ட் தோட்டாவைப் பொதுமக்கள் வெளியே எடுத்துச் செல்வதை நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தி வந்த நியூ ஜெர்சி போன்ற இடங்களிலும் வாட்கட்டருக்குச் சிக்கல் இல்லை. போட்டித் தோட்டாவை உயிர்காப்புக்கு வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வலுவான கைக்காரர் பிளஸ் பி வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தக் கையில் ஐந்தாவது குண்டும் குறியில் விழுந்த தோட்டா இது ஒன்றுதான். ஐந்தாவது தோட்டாவை அளந்தும் பார்த்தோம், நகரவில்லை.

ஒரு குறை உண்டு. தட்டை முகம் என்பதால் சிலிண்டர் துளைக்குள் தானாக வழுக்கிக்கொண்டு போகாது. விளிம்பு முட்டி நிற்கும். அதனால் துப்பாக்கிக்குள் வாட்கட்டர், மாற்றுத் தோட்டாக்களை வரிசையாகச் செருகி எடுத்துச் செல்லும் ரப்பர் பட்டையில் மூக்குக் கூம்பிய 158 கிரெய்ன் தோட்டா என்று பிரித்துக்கொண்டோம்.

குட்டை ரிவால்வரில் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பியும் குட்டை. கூடு முழுவதும் வெளியே வராது. துப்பாக்கியைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் ஏதாவது ஒரு கூடு தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் போய் மாட்டும். பிறகு நகத்தால் நோண்ட வேண்டியதுதான். குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, கம்பியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி. எரியாத மருந்துத் துகள் அந்தத் தகட்டின் அடியில் சேர்ந்தாலும் சிலிண்டர் இறுகும். அதற்குப் பழைய பல் துலக்கி போதும்.

வீட்டில் விரல் ரேகை காட்டித் திறக்கும் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார். காலித் துப்பாக்கியில் விசைப் பழக்கம் செய்யும்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கும். சிலிண்டரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே தொடங்குகிறார்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. சிலிண்டரைத் திறக்கும் தாழ் இடப்பக்கத்தில், வலது கட்டைவிரலால் முன்னே தள்ளும்படி அமைந்திருக்கிறது. குளிர் நாட்களில் அந்த மூட்டு அதற்கு ஒத்துழைப்பதில்லை. எனவே துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தாழைத் தள்ளி, நடுவிரலால் சிலிண்டரை வெளியே அழுத்தும் இடக்கைக்காரர் முறையைப் பழகி வருகிறார். இப்போதைக்குப் பாதி வேகம்தான் வருகிறது. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.